வலது குழியில் எவ்வளவு உப்பு

பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் தவறி வந்த கடிதம் என்று நினைத்திருப்பாய். இல்லை. உன் அக்காதான் எழுதுகிறேன்.

என் ஆணை அப்படியேதான் இருக்கிறது. அப்பாவைக் கடைசியாக வழியனுப்பிய அன்று வீடே மண்டியிட்டிருக்க, நீ மட்டும் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "நீ என் பக்கத்துல மண்டி போட்டு ஒரு வார்த்தை வேண்டிக்கிற வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன், கடவுள் மேல ஆணை" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் போன வாரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று தோன்றியது. பேசுவதைத்தானே விட்டேன், எழுதுவதைப் பற்றி அன்று நான் ஒன்றுமே சொல்லவில்லையே. மூன்று வருஷமாக இது எப்படித் தோன்றாமல் போயிற்று? போனில் எழுத்தைத் தட்டி அனுப்புவது பேச்சில் சேருமா எழுத்தில் சேருமா என்று எனக்குத் தெளிவில்லை. அதனால் தபால்.

காரியத்துக்கு வருகிறேன். நீ தைத்துத் தந்த பிரார்த்தனை மெத்தை பஞ்சு இறங்கிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. மழை விட்டதிலிருந்து எனக்கு வலது முட்டியில் வலி. நம் தெரு முனை டாக்டரிடம் போனேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "தினமும் ரெண்டு வேளை இப்படி மண்டி போட்டா முட்டி என்னம்மா செய்யும், அது என்ன ரப்பரா?" என்று கேட்டார். முட்டிக்கு முன்னால் ஒரு சின்ன நீர்ப்பை இருக்கிறதாம், மண்டியிடுகிறவர்களுக்கு அது வீங்குமாம். தடவ ஒரு களிம்பு தந்தார். கனமான மெத்தை போட்டுக்கொள்ளச் சொன்னார்.

உன்னிடம் மறைப்பானேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வேண்டி வேண்டி வந்த வலி என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது பார். உன் அத்தானிடம்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு விரல் கனத்துக்கு ஒரு மெத்தை தைத்து அனுப்பு. துணி உன் இஷ்டம். பூப்போட்டது வேண்டாம், கண் அங்கேயே போகும்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 10

கணக்கு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஒரு கல்யாணப் பெண்ணின் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தேன். வாயில் குண்டூசி. பிரித்துப் படித்துச் சிரித்திருந்தால் விழுங்கியிருப்பேன். மூன்று வருஷம் கழித்து ஒரு கடிதம், அதிலும் பாதிக்கு மேல் ஆர்டர். கோபத்தில்கூட நீ தாராளமாகச் செலவு செய்யமாட்டாய்.

ஆணையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் கை நீளும்.

மெத்தை தைக்கிறேன். அதற்கு முன் ஒரு சந்தேகம். வலது முட்டியில் மட்டும்தான் வலி என்கிறாயே, அது எப்படி? நீ மண்டியிடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தராசுத் தட்டு மாதிரி இரண்டு முட்டியும் ஒன்றாக இறங்கும். ஒரு பக்கம் சாய்கிற பழக்கம் உனக்கு எதிலும் கிடையாது. இந்தத் தொழிலில் நாங்களும் நாள் முழுக்க மண்டியிடுகிறவர்கள்தான். என் முட்டி இரும்பு, அதை விடு. கடையில் என்னோடு வேலை செய்கிற மற்ற இரண்டு பேருக்கும் வலி உண்டு. ஆனால் இரண்டு முட்டியிலும் உண்டு. ஒன்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். உனக்கு மட்டும் இடது முட்டி ஏன் சும்மா இருக்கிறது?

பழைய மெத்தையைப் பார். உன் முட்டி பதிந்து இரண்டு குழி இருக்கும். வலது குழி ஆழமா, இரண்டும் ஒன்றா? நீ வலது பக்கம் அழுத்தி நிற்கிறாய் என்றால் அந்தப் பக்கம் பஞ்சைக் கூட்டி வைத்துத் தைக்க வேண்டும். அதற்குத்தான் கேட்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

அத்தான் இன்னும் அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸைத்தான் ஓட்டுகிறாரா? என் வணக்கத்தைச் சொல். அவரோடு பேசக்கூடாது என்று எந்த ஆணையும் இல்லையே.

கத்தரி


பிப்ரவரி 19

சின்னவளுக்கு,

கத்தரி என்று உனக்கு நான் வைத்த பெயரை நீயே போட்டுக் கையெழுத்திடுகிறாய். இருக்கட்டும், நாக்குக்குப் பொருத்தமான பெயர்தான்.

நீ கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. குழியைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. கண்ணை நம்பி எழுதுவது எனக்குச் சரிப்படாது. மெத்தையை மேசைமேல் வைத்து, இரண்டு குழியிலும் உப்பைக் கொட்டி, அளவுகோலால் வழித்துவிட்டு, தனித்தனியாகச் சமையலறைத் தராசில் வைத்தேன். உன் அத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். இடது குழியிலும் வலது குழியிலும் ஒரே உப்பு. முள் இரண்டு தடவையும் ஒரே கோட்டில் நின்றது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. களிம்பு தடவ ஆரம்பித்ததிலிருந்து நான் மண்டியிடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் வேண்டிக்கொள்கிறேன், கூச்சமாகத்தான் இருக்கிறது. மண்டியிடுவதை நிறுத்தினால் வலி குறைய வேண்டும் அல்லவா? கூடிக்கொண்டே போகிறது. நடக்கும்போது பரவாயில்லை. படுத்தபிறகு, ஒரு வேலையும் இல்லாதபோதுதான், உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி வலிக்கிறது. ஓய்வில் வலிக்கிற வலி மண்டியிட்டதால் வந்த வலியாக எப்படி இருக்கும்?

மெத்தையைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். உப்புக் கதையைச் சொன்னதும் அவர் சிரித்தார். அவர் சிரித்தது எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். படுத்தால் வலிக்கிறது என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இந்த முறை அந்த நீர்ப்பையை விட்டுவிட்டு, முட்டிச் சில்லை மட்டும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதை அன்னிக்கே படம் எடுத்திருக்கணும். போய் எடுத்துட்டு வாங்க" என்றார்.

எக்ஸ்ரே வந்தது. வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நம் முட்டிச் சில்லு எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? வேறு எந்த எலும்போடும் ஒட்டாமல், முன்னால் தனியாக நிற்கிறது. என்னுடையதில் நடுவில் ஒரு கறுப்பு, துணியில் இஸ்திரிப் பெட்டி பட்ட இடம் மாதிரி. அது என்ன என்று கேட்டேன். எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார். சீட்டில் எழுதியிருப்பதை என்னால் படிக்க முடியவில்லை. இங்கிலீஷ் எழுத்தை நானே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டவள், அச்சில் இருந்தால் படித்துவிடுவேன். அவர் எழுத்து அச்சுக்கு வெகுதூரம்.

மெத்தையை அவசரப்பட்டுத் தைக்காதே.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் போன் பண்ணினேன். அத்தான் எடுத்தார். எலும்பு டாக்டரைப் பார்க்க நாள் குறித்திருப்பதாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நீ நிற்பது எனக்குத் தெரிந்தது. உன் வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா? அவர் ஏதோ ஒன்றைத் தப்பாகச் சொன்னார், நீ அவர் தோளைத் தட்டினாய், அவர் உடனே திருத்திச் சொன்னார். மூன்று வருஷத்தில் நாம் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை.

துணியில் ஓட்டை விழுந்து யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். கத்தரி பட்டால் ஓரம் நேராக இருக்கும். நெருப்புப் பட்டால் சுருண்டு கெட்டியாக இருக்கும். பூச்சி அரித்தால் எங்கே துணி முடிகிறது, எங்கே ஓட்டை தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. உன் எலும்பில் இருக்கிற அந்தக் கறுப்புக்கு ஓரம் எப்படி? இஸ்திரிப் பெட்டி மாதிரி என்று எழுதியிருக்கிறாய், ஓரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீ இப்படி எதையும் பாதியில் விடுகிறவள் கிடையாது.

நான் வரட்டுமா? வேலை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். தள்ளி வைக்கலாம்.

தங்கை


மார்ச் 8

சின்னவளுக்கு,

எலும்பு டாக்டரைப் பார்த்தோம். வயதில் சின்னவர், பொறுமைசாலி. நான் உன் கேள்வியை அப்படியே கேட்டேன், ஓரம் எப்படி இருக்கிறது என்று. படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, பேனா முனையால் சுற்றிக் காட்டினார். ஓரமே இல்லை. எலும்பு எங்கே முடிகிறது என்று அவராலும் கோடு போட முடியவில்லை. "உள்ளருந்து அரிச்சிருக்கும்மா. கிருமியா இருக்கலாம், கட்டியா இருக்கலாம். இங்கயே முளைச்சதா, வேற எங்கருந்தாவது வந்ததான்னும் பாக்கணும்" என்றார்.

வேறெங்கிருந்தோ வருமா என்று கேட்டேன். புற்றுநோய் என்றால் வரும் என்றார். அந்த வார்த்தையை அவர் சத்தத்தைக் குறைக்காமல், சாதாரணமாகச் சொன்னார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. உன் அத்தானுக்கு அது வாயில் வரவில்லை. "அது" என்கிறார். "அது இல்லன்னு சொல்லிருவாங்க பாரு." அவரோடு சேர்ந்து நானும் அது என்றே சொல்கிறேன், அவருக்காக.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. உடம்பில் வேறெங்கோ கிளம்பிய நோய்க்கு முட்டிச் சில்லு எப்படித் தெரியும்? டாக்டரிடம் கேட்டேன். ரத்தத்தோடு போகிறதாம். பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பு, விலா என்று ரத்தம் நிறையப் பாய்கிற எலும்புகளில்தான் தங்குமாம். முட்டிச் சில்லுக்கு அது போவது அபூர்வமாம். அங்கே ரத்தம் கொஞ்சம்தான் போய் வருகிறதாம். அதனால்தான் இது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்றார், சமாதானத்துக்குச் சொன்னாரா நிஜமா தெரியவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத கடைசித் தெரு மாதிரி இருக்கிற இடத்துக்கு ஒன்று தேடிப்பிடித்துப் போயிருக்குமானால், அதற்கு யார் வழி சொன்னது? நான் இதைக் கடவுளிடமும் கேட்டேன், குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்கிற மாதிரி.

பிறகு காந்த ஸ்கேன். ஒரு குழாய்க்குள் தள்ளிவிடுகிறார்கள். யாரோ பக்கத்து அறையில் ஆணி அடித்துக்கொண்டே வீடு கட்டுகிற சத்தம். உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று அங்கிருந்த பெண் வளையல், கொண்டை ஊசி எல்லாம் கழற்றச் சொன்னாள். இடுப்பில் இருந்த இரண்டு ஊக்கையும் கழற்றினேன். ரத்தத்தில் இரும்பு உண்டு என்று படித்திருக்கிறேனே, அதைக் காந்தம் இழுக்காதா என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா, ஆனா இழுக்காது" என்றாள். ஏன் இழுக்காது என்று கேட்பதற்குள் உள்ளே தள்ளிவிட்டாள்.

மறுநாள் முட்டியில் ஊசி போட்டுத் துளி எலும்பை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர நாளாகும்.

வரட்டுமா என்று கேட்டாய். வராதே. வந்தால் நீ என் எதிரில் இருப்பாய், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இப்போது அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை.

அக்கா


மார்ச் 15

அக்கா,

உன் முடிவு. சரி.

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும், கோபப்படாதே, பட்டாலும் பரவாயில்லை. அப்பாவுக்குக் கடைசி நாட்களில் எவ்வளவு வலி என்று நாம் இரண்டு பேரும் பார்த்தோம். நீ அதைப் பார்த்துவிட்டு மண்டியிட்டாய். நான் அதைப் பார்த்துவிட்டு நின்றேன். என்னால் அன்றைக்கு முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. உனக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக நான் வந்து உன் பக்கத்தில் மண்டியிட்டு உதட்டை அசைத்தேன் என்றால், அதைவிடப் பெரிய அவமரியாதை உன் கடவுளுக்கு வேறு இல்லை. நீ கண்டுபிடித்துவிடுவாய். அவரும் கண்டுபிடித்துவிடுவார், நீ சொல்கிறபடி அவர் இருந்தால். பொய்த் தையல் உடுத்துகிறவருக்கு முதலில் தெரியும், அக்கா.

இந்த ஆணையை அவர் உன்னிடம் கேட்டாரா? நீயாகக் கொடுத்தது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

இரண்டாவது விஷயம். ஊக்கு எதற்கு? உன் பாவாடை எல்லாம் நான் தைத்தது, இடுப்பில் கச்சிதமாக நிற்கும். இரண்டு ஊக்கு போட்டுப் பிடிக்கிற அளவுக்குத் தளர்ந்திருக்கிறது என்றால் நீ இளைத்திருக்கிறாய். எவ்வளவு நாளாக? சாப்பாடு இறங்குகிறதா? டாக்டரிடம் இதைச் சொன்னாயா? முட்டி வலித்து யாருக்கும் இடுப்பு இளைக்காது. முட்டியைத் தவிர உன் உடம்பில் வேறு எங்கோ ஒன்று நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் டாக்டர் இல்லை, தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருக்க வேண்டும்.

தங்கை


மார்ச் 28

சின்னவளுக்கு,

தப்பாக இல்லை.

உன் கடிதம் வந்த அன்றுதான் எலும்பு டாக்டரும் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னதும் நான் கேட்பதற்கு முன்னால் அவரே, "சமீபத்துல எடை குறைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டார். என் பையில் உன் கடிதம் இருந்தது. நானும் இளைத்ததைக் கவனிக்காமல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேண்டுவதற்குப் பரிகாரமாக இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பக்தியான காரணம் இருந்திருக்கிறது பார்.

எடுத்த துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களாம். அது முட்டியின் உயிரணு இல்லை. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "இது முட்டியோட நோய் இல்லம்மா. கிட்னியோட நோய். முட்டிக்குக் குடிவந்திருக்கு." எலும்பில் போய் உட்கார்ந்த பிறகும் அந்த உயிரணுக்கள் தாங்கள் பிறந்த இடத்தின் சாயலை விடுவதில்லையாம். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஊர் மாறிப் போனாலும் பேச்சை வைத்து இன்ன வீட்டுப் பெண் என்று சொல்வதில்லையா, அப்படி.

பிறகு உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். அந்த முடிவுக்காகக் காத்திருந்ததுதான், சின்னவளே, உண்மையில் பயந்த நேரம். நுரையீரலிலும் ஈரலிலும் முதுகிலும் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். உன் அத்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கீழே வைக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி. வலது முட்டியில் ஒன்று. வேறெங்கும் இல்லை. இப்போதைக்கு இல்லை என்று டாக்டர் சேர்த்துச் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சிறுநீரகம் இன்றுவரை எனக்கு ஒரு வலி தந்ததில்லை. வாயைத் திறக்காமல் உள்ளே இருந்துகொண்டு, எட்டாத இடத்தில் ஒரு முட்டியை வலிக்க வைத்துத் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. முட்டிக்கு அது போகாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இதை நான் சாபத்தில் எழுதுவதா, கருணையில் எழுதுவதா? இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் எப்படித் தாண்டியது என்றும் கேட்டேன். டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். ரத்தத்துக்கு இடது வலது கிடையாதாம்.

எலும்பு எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்பதால் முதலில் முட்டிச் சில்லை எடுத்துவிடுகிறார்கள். உடம்பு தேறியதும் சிறுநீரகம். ஒன்று போதுமாம் மனுஷருக்கு. அதற்குமேல் மாத்திரை, அடிக்கடி ஸ்கேன். முழுசாகப் போய்விடுமா என்று கேட்டேன். "போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நல்லா முயற்சி பண்ணலாம்னு சொல்வேன்" என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். சில்லு இல்லாமல் நடக்கலாமா? நடக்கலாம், கொஞ்சம் விறைப்பாக. படி ஏறலாமா? மெதுவாக. மண்டியிடலாமா? அவர் உன் அத்தானைப் பார்த்தார். "இனிமே வேணாம்மா."

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் மண்டியிட்டால்தான் பேசுவேன் என்று சொன்னேன். இனி என் பக்கம் என்று ஒன்று அங்கே கிடையாது. நானே போக முடியாத இடத்துக்கு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

அது கிடக்கட்டும். சில்லை எடுத்தபிறகு காலை மடக்காமல் நீட்டியபடி பட்டை போட்டுக் கட்டிவிடுவார்களாம், பல வாரத்துக்கு. பாவாடை எதுவும் நுழையாது. ஆஸ்பத்திரி உடுப்பு பின்னால் மூடாது, அதை நீ பார்த்திருக்கிறாய். பக்கவாட்டில் திறந்து நாடா கட்டுகிற மாதிரி ஒன்று தைக்க முடியுமா? அளவை உன் அத்தானை எடுக்கச் சொல்லி எழுதி அனுப்புகிறேன். அவர் அளந்தால் ஜன்னல் திரைக்கு அளந்த மாதிரி இருக்கும். பார்த்துக் குறைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

அடுத்தவர் எடுத்த அளவுக்கு நான் தைப்பதில்லை. கடையில் எழுதியே மாட்டியிருக்கிறேன்.

அத்தானிடம் ஆபரேஷன் நாள் கேட்டுக்கொண்டேன். கட்டுப் போட்டபிறகு அளந்தால்தான் சரியாக வரும், அதனால் அதற்கு மறுநாள் வருகிறேன். நீ பேச வேண்டாம். என் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எனக்குப் பழக்கம்.

வேண்டிக்கொள்ள வரவில்லை. அளவெடுக்க வருகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

தங்கை


ஜூன் 12

சின்னவளுக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்து இத்தனை நாளாகிறது. சிறுநீரகத்தையும் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ தைத்த உடுப்பைப் பார்த்து நர்ஸ்கள் ஒவ்வொருவராக வந்து நாடாவைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒருத்தி அதன் மாதிரியை வரைந்துகொண்டு போனாள். மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. வாயில் எதை வைத்தாலும் ஒரு துரு ருசி. அடுத்த ஸ்கேன் ஆகஸ்டில். அது என்ன சொல்லும் என்று தெரியாது. எடுத்த சில்லைப் பார்க்க வேண்டும் என்று எலும்பு டாக்டரிடம் கேட்டேன், அது சோதனைக்குப் போய்விட்டது, போட்டோ இருக்கிறது என்று காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். அந்த நோய்க்கு ஏன் அங்கே போகத் தோன்றியது என்று அவருக்கும் தெரியவில்லை. "தெரிஞ்சா நானே வந்து சொல்றேன்" என்றார்.

இப்போது போனில்தான் பேசிக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்பாய். சில விஷயம் எனக்குக் கையில்தான் வருகிறது.

முட்டி ஆபரேஷனுக்கு மறுநாள் நீ வந்தாய். பேசாமல்தான் இருந்தேன், நீயும் பார்த்தாய். உன் அத்தான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நீ அளவு நாடாவை எடுத்தாய், ஊசிகளை உதட்டில் வைத்துக்கொண்டாய், கட்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாய். நீ மண்டியிடுவதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் நினைத்தேன். உன் கடைக்கு வந்ததில்லை அல்லவா. பாதி இறங்கும்போது உன் முகம் ஒரு கணம் சுருங்கியது.

"பாத்துடீ" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசி இருந்த வாயோடு "ம், காலை ஆட்டாதே" என்றாய். உன் அத்தான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார், திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. அதற்கப்புறம் நாம் என்னென்ன பேசினோம் என்று எனக்கு வரிசையாக நினைவில்லை. நாடா இடப்பக்கமா வலப்பக்கமா என்று சண்டை போட்டோம், அது நினைவிருக்கிறது.

ஆணை என்ன ஆயிற்று என்று நான் யோசிக்காமல் இல்லை. நீ வேண்டிக்கொள்ளவில்லை, அளவுதான் எடுத்தாய். அதனால் நிறைவேறியது என்று எழுத முடியாது, பொய்க் கணக்கு. முறிந்தது. கடவுளிடம் அப்படியே சொன்னேன். மண்டியிட்டுச் சொல்ல முடியவில்லை, காலை நீட்டிக்கொண்டுதான் சொன்னேன். கடன்பட்டவள் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இனி இது வேறு விஷயம். கட்டு அவிழ்த்தபிறகு இந்த உடுப்பின் விளிம்பைக் குறைக்க வேண்டும், தரையில் இழுக்கிறது. நீ ஆகஸ்டில் ஸ்கேனுக்கு வரும்போது செய்யலாம். ஆஸ்பத்திரித் தரை மாதிரியேதான் எங்கள் வீட்டுத் தரையும், கல். அதனால் என் பழைய மெத்தையை அலமாரியிலிருந்து எடுத்துத் தட்டி வெயிலில் காயவைத்து, என் நாற்காலிக்கு முன்னால் போட்டிருக்கிறேன். அளவெடுக்கும்போது அதில் மண்டியிடு. வேறு எதற்கும் இல்லை. நாம் அக்கா தங்கை, குழி உனக்கும் பொருந்தும்.

"என் முட்டி இரும்பு" என்று நீ எழுதியிருந்தாய். அன்று உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அது ஒரு முட்டியிலா, இரண்டிலுமா? படுத்தால் வலிக்கிறதா? இதற்கு மட்டும் கடிதம் எழுதாதே. இதைப் படித்த உடனே போன் பண்ணு. நான்தான் எடுப்பேன்.

அக்கா